ரப்பர் விலையும் தொழிலாளர் கூலியும்

தோட்டங்களிலே நெடுங்காலம் வழங்கிவந்த பேச்சு ஒன்றுண்டு. "ரப்பர் விலை இறங்கிவிட்டது, ஆகவே சம்பளத்தைக் குறைக்கவேண்டும்" என்பார் துரை. அதைத் தமிழாக்கிப் பெரட்டுக் களத்தில் அறிவிப்பவர் கிராணி. கேட்டுத் தலைகுனிந்து கத்தியும் வாளியுமாகக் காட்டுக்குச் செல்பவர் தொழிலாளர். இப்பேச்சு எத்துணை நியாயமானது என்பதைக் கணக்கைக் கொண்டே ஆராய்தல் நம் கடமையாகும். இதை எழுதுபவனும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியே.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. அதனை உயர்த்தும்பொருட்டு 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1925-இல் நியூயார்க் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் ஓர் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோயிற்று. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் இத்திட்டத்திற் சேராது உற்பத்தியைப் பெருக்கியமையால் 1928-இல் அது கைவிடப்பட்டது. அக்காலத்தில் கூலியும் ஓரளவு உயர்ந்தது உண்மையே. வசதியான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயிக்கப்பட்டது. ஆயின், விலை பன்மடங்கு ஏறியபோது கூலி பன்மடங்கு ஏறியதா? இல்லை.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் ரப்பர் விலை நியூயார்க்கில் ராத்தலுக்கு ஏறக்குறைய மூன்று சென்ட்டாகச் சரிந்தது. அதற்கு முன்னரே, 1930-இல், நிர்ணயக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. பின்பு அது மேலும் இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியே, ஆள் வேண்டியபோது கப்பற் கட்டணம் தந்து அழைத்துவந்தது. வேண்டாதபோது அதே நிதி திருப்பியனுப்பவும் பயன்பட்டது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்கு அத்தோட்டத்தில் நிலைத்திருக்கும் உரிமை இல்லாதிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1934-இல் பல நாடுகள் கூடி ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. விலை மீண்டது. கூலியோ தானாக மீளவில்லை. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50 காசும் 40 காசும் மீண்டும் வழங்கப்படவேண்டும் எனப் பரிந்துரைத்தார். 1937-இல் அது கிடைத்தது. மந்தத்துக்கு முன் பெற்றதையே திரும்பப் பெறுவதற்கு ஓர் அறிஞர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது! மறு ஆண்டிலேயே மீண்டும் 45 காசாகவும் 36 காசாகவும் குறைத்தனர். இந்திய அரசாங்கம் 1938 ஜூன் 15 முதல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

இவற்றால் விளங்குவது யாது? விலை இறங்கும்போது நட்டம் தொழிலாளியின் தலையில் உடனே விழுந்தது. விலை ஏறும்போது ஆதாயம் அவன் வாயிலுக்கு வர ஆண்டுகள் ஆயின. இறக்கத்தில் பங்காளி, ஏற்றத்தில் கூலி! இதனை நீதி என்று எவரேனும் கூறுவரோ?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடுக என்றனர். துரைமார் எதிரே சைக்கிளில் செல்லும் உரிமையையும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் மற்றொன்றும் இருந்தது: கொடுமை செய்யும் கிராணிகளையும் தண்டல்களையும் நீக்கவேண்டும் என்பது. என் போன்றோர் இதனை மறைத்துப் பேசுதல் கூடாது. ஆங்கிலம் கற்று விலைப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர் நாமே. விலை இறங்கியதை உரக்கச் சொன்ன நம்மவர், விலை ஏறியதைப் பெரட்டுக் களத்தில் எத்தனை முறை அறிவித்தனர்?

பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் இந்நாட்டில் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. பயிர் மாறினும் கணக்கு மாறாதிருத்தல் ஆகாது. தொழிலாளத் தோழர்களே, சம்பளச் சீட்டை மடித்து வைக்குமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். கிராணித் தோழர்களே, கேட்பவனை அதட்டாதீர்கள். விலை இறங்கியதைச் சொல்லும் வாயாலேயே ஏறியதையும் சொல்லுங்கள். பிறருடைய உழைப்பைக் கணக்கெழுதி வாழும் நமக்கு அதனினும் குறைந்த கடன் வேறில்லை.