லண்டனில் பவுண்டு, லயத்தில் ரூபாய்

உலகமயமாக்கல் 1991இல் வந்தது என்று தோழர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். அந்த ஆண்டு ஜூலையில் இந்திய அரசு தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்தது, ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, சந்தையைத் திறந்துவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் நம் சேரிகளுக்குள் உலகச் சந்தை நுழைந்தது அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே. கங்காணியின் உருவத்தில் நுழைந்தது.

சரக்கு, மூலதனம், உழைப்பு ஆகிய மூன்றும் நாட்டெல்லை கடந்து ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வருவதைத்தான் உலகப் பொருளாதார அமைப்பு என்கிறோம். 1974இல் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் அதை மையம், விளிம்பு என்று பிரித்துக் காட்டினார். லாபம் மையத்தில் குவியும், மலிவு உழைப்பு விளிம்பில் கிடக்கும். பாடப்புத்தகத்தில் இது வறட்டுச் சொல்லாகத் தெரியலாம். இலங்கை மலையகத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

1840களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. மூலதனம் பிரிட்டனிலிருந்து வந்தது. உழைப்பு ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து போனது. போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். நிலமில்லாதவர்களைத்தானே இவ்வளவு எளிதாகப் பெயர்க்க முடியும்? துரையிடம் முன்பணம் வாங்கி ஆள் சேர்த்த கங்காணி, அந்தப் பணத்தை ஆட்களின் தலையில் கடனாக எழுதினான். லயத்திலும் சாதி பார்த்தே வீடு ஒதுக்கினார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டு, படிப்படியாகக் காப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர கடன் மாறவில்லை. தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவனுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. ஆளோடு கடனும் கைமாறும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

இனி நாணயத்துக்கு வருவோம். நம் இளைஞர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். தேயிலை லண்டனில் பவுண்டுக்கு விற்றது. கூலியோ ரூபாயில். ரூபாய் வெள்ளி நாணயம், பவுண்டு தங்கத்தோடு கட்டப்பட்டது. 1870களிலிருந்து உலகில் வெள்ளி விலை சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங் இருந்த ரூபாய், 1890களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பு 1 பவுண்டை மாற்றினால் 10 ரூபாய், இப்போது 16 ரூபாய். கூலி மட்டும் அதே ரூபாய்க் கணக்கில் நின்றது. லண்டனில் தேயிலை விலை இறங்கியபோதும் தோட்ட முதலாளிகள் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொழுந்து பறித்தவளுக்கு வெள்ளிச் சந்தை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' நூல் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. நாணய மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதிக்கு நல்லது என்று அன்றைக்கும் பேசினார்கள். விலைவாசியின் வேகத்தில் கூலி ஏறாது, ஆகவே அந்த ஆதாயம் உழைப்பவரிடமிருந்து எடுக்கப்படுவதே என்பது அவர் வாதம். அவரைச் சட்டமேதை என்று மட்டும் சொல்லிச் சிலை வைப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் வசதியாக இருக்காது.

சரக்குக்குத் திறந்திருந்த எல்லை, மனிதர்களுக்கு மூடியது. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. லண்டன் தேயிலை ஏலமோ 1998 வரை நடந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்றைக்கு டான்டீ என்கிறோம். மறுபடி மலை, மறுபடி கொழுந்து, மறுபடி லயம். அந்தக் கொழுந்துக்கும் விலை ஏலத்தில்தான். பறித்தவருக்கு அந்த ஏலத்தில் இன்றுவரை இடமில்லை.