குளியலறை ஓடுகளும் மேடைக் கற்களும்

குளியலறை ஓடுகள் என்பன குளியலறையின் தரையிலும் சுவரிலும் பதிக்கப்படும் பீங்கான், சிமெண்ட் அல்லது கல்லாலான தட்டையான பலகைகள் ஆகும். பேச்சு வழக்கில் இவை டைல்ஸ் எனப்படுகின்றன. கைகழுவும் தொட்டியைத் தாங்கும் கிடைமட்டமான கற்பலகை மேடைக் கல் எனப்படும். பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது இவற்றுக்கான பொருளைத் தெரிவு செய்வதில் நிறத்தையும் விலையையும் விட நீர் உறிஞ்சும் அளவு, வழுக்கும் தன்மை, அமிலத்தைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான அண்ணனூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகின்றது.

பின்னணி

அண்ணனூர், சென்னை - அரக்கோணம் தொடருந்துப் பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ளது. புறநகர் மின்தொடர் வண்டிகளின் பணிமனை இங்கு உள்ளது. அம்பத்தூர், ஆவடி பகுதிகளின் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த இத்தகைய குடியிருப்புகளில், பழைய வீடுகளின் குளியலறைகள் பெரும்பாலும் சிமெண்ட் பூச்சு, மொசைக் அல்லது சிவப்பு ஆக்சைடு தரை கொண்டவை. மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பா கல் பயன்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா பகுதியிலிருந்து வரும் இக்கரிய கல் ஒரு சுண்ணக்கல் ஆகும். பின்னர் பீங்கான் ஓடுகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் பீங்கான் ஓடு உற்பத்தியின் முதன்மையான மையம் குசராத்தின் மோர்பி ஆகும். செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடுகள் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்க்கப்படும் சிமெண்ட் ஓடுகள். இவை சூளையில் சுடப்படுவதில்லை. நீரை உறிஞ்சும், அமிலத்தில் அரிக்கப்படும் ஆகையால் கூடத்திற்குப் பொருந்தும் அளவுக்குக் குளியலறைக்குப் பொருந்துவதில்லை.

கடினநீரும் அமிலமும்

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அது கடினநீர் எனப்படும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கின்றது. கடினநீர் உலரும்போது கால்சியம் கார்பனேட்டு வெண்ணிறப் படிவாகத் தங்குகின்றது. சோப்புடன் சேர்ந்தால் நீரில் கரையாத பிசுக்கு உண்டாகின்றது.

இந்த உப்புக் கறையை நீக்க வீடுகளில் ஆசிட் எனப்படும் ஐதரோகுளோரிக் அமிலம் பயன்படுத்தப்படுகின்றது. கறையும் சுண்ணம், பளிங்கும் கடப்பா கல்லும் சுண்ணம். ஆகையால் அமிலம் கறையோடு கல்லையும் கரைக்கின்றது. பளபளப்பு போன இடத்தில் கறை மேலும் எளிதாகப் பிடிக்கும். ஓடுகளின் இடையே நிரப்பப்படும் சிமெண்ட் கலவையும் இவ்வாறே அரிக்கப்பட்டு, நீர் கீழே இறங்க வழி ஏற்படுகின்றது. அமிலத்தை வெளுப்புத் தூளுடன் கலந்தால் நச்சுத் தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். எனவே இரண்டையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது.

ஓடுகளின் வகைகள்

பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 13006, ஓடுகளை அவை உறிஞ்சும் நீரின் அளவைக் கொண்டு வகைப்படுத்துகின்றது. அழுத்தி வார்க்கப்பட்ட ஓடுகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15622 ஆகும்.

* சுவர் ஓடுகள்: எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுபவை. இலேசானவை, வெட்டுவதும் துளையிடுவதும் எளிது. இவற்றைத் தரையில் பதிக்கக் கூடாது.
* பீங்கான் தரை ஓடுகள்: இடைப்பட்ட உறிஞ்சும் அளவு கொண்டவை. மேற்பூச்சு சொரசொரப்பாகவும் கிடைக்கின்றது.
* விட்ரிஃபைடு ஓடுகள்: 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக உறிஞ்சுபவை. உறுதி மிக்கவை.

கடையில் ஓட்டின் பின்புறம் ஒரு சொட்டு நீர் விட்டு இவற்றை ஓரளவு வேறுபடுத்தி அறியலாம். சுவர் ஓடு நீரை விரைவில் உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடு ஓட்டில் நீர் அப்படியே நிற்கும்.

வழுக்கும் தன்மை

முதியவர்கள் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவுக்கு உள்ளாகும் இடங்களுள் குளியலறை முக்கியமானது. பளபளப்பான விட்ரிஃபைடு ஓடும் மெருகிட்ட கிரானைட்டும் உலர்ந்த நிலையில் வழுக்காதவை போலத் தோன்றினாலும், சோப்பு நீர் பட்டவுடன் ஆபத்தானவை ஆகின்றன. செருமனியின் டி.ஐ.என். 51097 தரம், வெறுங்காலுடன் நடக்கும் ஈரமான தரைகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. குளிக்கும் இடத்துக்கு பி வகுப்பு பொருத்தமானது. கடைகளில் பரவலாகக் கூறப்படும் ஆர்9 முதல் ஆர்13 வரையான குறியீடு, காலணியுடன் நடக்கும் பணியிடங்களுக்கானது. சிறிய ஓடுகளில் இணைப்புகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பு கூடும். வடிகாலை நோக்கிச் சரிவு அமைப்பதும் எளிது.

மேடைக் கற்கள்

கிரானைட் தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கும் கல் ஆகும். கிருஷ்ணகிரி பகுதியின் பாரடைசோ, மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியின் காஷ்மீர் வெள்ளை, விழுப்புரம் பகுதியின் குன்னம் கருப்பு ஆகியன அறியப்பட்ட வகைகள். வணிகத்தில் கருப்பு கிரானைட் எனப்படுவது புவியியலில் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ ஆகும். மோ அளவுகோலில் கிரானைட்டின் கடினம் 6 முதல் 7 வரையும், பளிங்கினுடையது 3 அளவிலும் இருக்கும். வெளிர் நிறக் கிரானைட்டுகள் சில நீரை உறிஞ்சிக் கருமை அடைவதால் அவற்றுக்கு மேற்பூச்சு தேவைப்படும். 20 மி.மீ. தடிப்புள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 53 கிலோகிராம் எடை கொண்டது. ஆகையால் சுவரில் பதித்த தாங்கிகள் இன்றியமையாதன.

குவார்ட்சு பலகை என்பது குவார்ட்சுத் தூளைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் செயற்கைக் கல் ஆகும். நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆயினும் இதன் பெரும்பகுதி படிக சிலிக்கா ஆகும். இதை உலர்ந்த நிலையில் வெட்டும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிசு நோயை ஏற்படுத்துகின்றது. தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதைத் தொடர்ந்து ஆத்திரேலியா 2024 சூலை 1 முதல் இப்பலகைகளைத் தடை செய்தது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் சிலிக்கோசிசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் குறிக்கப்பட்டிருந்தது. எனினும் வீடுகளில் வேலை செய்யும் கல் வெட்டுவோர் தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் வருவதில்லை. கிரானைட்டும் சிலிக்கா கொண்டதே. எக்கல்லாயினும் நீர் பாய்ச்சி வெட்டுதல், தகுந்த முகக்கவசம் அணிதல் ஆகியன தேவை.

பதிக்கும் முறை

ஓடு மட்டும் நீர்க்கசிவைத் தடுப்பதில்லை. அதன் கீழுள்ள நீர்த்தடுப்புப் பூச்சே தடுக்கின்றது. பழைய ஓட்டை அகற்றியபின் பூச்சு பூசி, வடிகாலை அடைத்து, குறைந்தது 24 மணி நேரம் நீர் தேக்கிக் கீழ்த்தளத்தில் ஈரம் தோன்றுகின்றதா எனப் பார்த்த பின்னரே ஓடு பதிக்க வேண்டும். தரைக்கு மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. சரிவு கொடுக்கலாம். விட்ரிஃபைடு ஓடு நீரை உறிஞ்சாததால் சிமெண்ட் பால் அதில் நன்கு ஒட்டுவதில்லை. இதற்கு ஐ.எஸ். 15477 தரத்துக்கு உட்பட்ட ஒட்டுப்பசை தேவை. இணைப்புகளை எபாக்சி கொண்டு நிரப்பினால் செலவு கூடினாலும் அமிலமும் கறையும் பாதிப்பதில்லை.

அளவுக் கணக்கு

8 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட குளியலறையில் 7 அடி உயரம் வரை ஓடு பதிப்பதாகக் கொள்வோம். சுற்றளவு 26 அடி. சுவர்ப் பரப்பு 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவுக்கு 17.5 கழித்தால் 164.5 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 10 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 181 சதுர அடி. 300 x 600 மி.மீ. ஓடு 1.94 சதுர அடி ஆதலால் 94 ஓடுகள் தேவை. தரைக்கு 40 சதுர அடியுடன் 10 விழுக்காடு சேர்த்து 44 சதுர அடி. 300 x 300 மி.மீ. ஓடுகள் 46 வேண்டும். சூளைக்குச் சூளை நிறம் சற்று மாறுவதால் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண் உள்ளதா எனப் பார்த்து வாங்குவதும், சில ஓடுகளைப் பிற்காலப் பழுதுக்காக எடுத்து வைப்பதும் நல்லது.

இவற்றையும் பார்க்க

* ஆத்தங்குடி ஓடு
* கடினநீர்
* கருங்கல்
* சிலிக்கோசிசு