மருதநிலத்து யாமையும் அதனைப் பிடித்தோர் அறிவும்

சங்கப் பாடல்களில் யாமை எனவும் பின்னர் ஆமை எனவும் வழங்கும் உயிர், தமிழாய்வில் பெரும்பாலும் உவமையாகவே நின்றுவிட்டது. ஐம்புலன் அடக்கத்துக்குத் திருக்குறள் (126) அதனைக் காட்டியதும், திருமாலின் கூர்ம அவதாரக் கதை பரவியதும் இதற்குக் காரணமாகலாம். அதே உயிர் உழவர்தம் உணவாகவும் இருந்தது என்பதற்குப் புறநானூறே சான்று.

கிள்ளிவளவனைப் பாடிய இடைக்காடனார் (புறம். 42), வயலை உழுகையில் புரண்டு வெளிப்பட்ட யாமையை, வன்புலத்திலிருந்து வந்த உறவினர்க்கு மென்புலத்தார் அளிக்கும் விருந்துப் பொருள்களுள் ஒன்றாக வைக்கிறார். கோப்பெருஞ்சோழனைப் பாடிய பிசிராந்தையாரோ (புறம். 212), களமர் கள்ளோடு உண்ணும் யாமைப் புழுக்கைச் சோழநாட்டு வளத்தின் அடையாளமாகக் கூறுகிறார். இரண்டு பாடல்களிலும் ஆமையிறைச்சி வறியோரின் இழிந்த உணவாகச் சுட்டப்படவில்லை. பிற்காலச் சாதிய நோக்கோடு இவற்றைப் படிப்போர் இதனை மறந்துவிடலாகாது.

ஏர் முனையில் ஆமை எவ்வாறு அகப்படும்? விடை உயிரியலில் உள்ளது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு, குளம், வாய்க்கால், நெல்வயல் ஆகிய எல்லாவற்றிலும் வாழ்வது பாலாமை. மென்தோல் போர்த்த ஓடும், பின்னங்கால்களை மூடும் மடிப்புகளும் உடையது. நீர் வற்றுங்காலத்தில் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசைவற்றுக் கிடக்கும். முதல் மழைக்குப்பின் உழும்போது அது மேலே புரள்வது இயல்பே. காராமையும் இந்நீர்நிலைகளில் உண்டு. எனினும் புறம் 42 சுட்டுவது பாலாமையே எனக் கொள்வது பொருந்தும். ஆற்றையும் வயலையும் ஒரே வாழிடமாகக் கொண்ட உயிரொன்றின் பருவநடத்தையை அப்பாடல் ஓரடியில் பதிந்துள்ளது.

ஆமையின் குஞ்சு வளர்ப்பு பற்றியோ புலவரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஓரம்போகியார் (ஐங்குறுநூறு 44) பொய்கையாமையின் குஞ்சு தாய்முகம் நோக்கி வளர்வதாகக் கூறுகிறார். கடலாமை மணலில் முட்டையிட்டுப் புதைப்பதை அகநானூறு 160 நுட்பமாகக் காட்டிவிட்டு, ஆணாமை அதனைக் காப்பதாகவும் சேர்க்கிறது. புதைத்தல் மெய், காத்தல் கற்பனை. தாயில்லா முட்டையையும் யாமைக் குஞ்சையும் ஆதரவற்ற காமத்துக்கு உவமையாக்கிய குறுந்தொகை 152தான் இன்றைய உயிரியலுக்கு மிக அணுக்கமானது. முட்டையிட்டபின் தாயாமை திரும்புவதில்லை. கண்டறிந்தோர் சொல்லைக் கேட்டே கிளிமங்கலங்கிழார் இதனைப் பாடியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

பருவந்தோறும் கைக்கு அகப்பட்டதை உண்டு வாழ்ந்தோரால் மட்டும் ஆற்றாமைகள் அருகின என்று சொல்ல இயலாது. தொலைதூரச் சந்தைக்காக மூட்டை மூட்டையாகப் பிடிக்கும் வணிகம் வேறு. வயலில் கிடைத்த ஒன்றைப் புழுக்கி உண்பது வேறு. காவிரியில் 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. பவானியில் 1955இல் பவானிசாகர் எழுந்தது. பின்னர் மணற்கொள்ளை ஆற்றுப்படுகையையே அகற்றியது. கரைமண்ணில் முட்டையிடும் உயிர்க்கு இவை வேட்டையினும் கொடியவை. அதே வேளையில், முதிர்ச்சியடையப் பல்லாண்டு எடுக்கும் பேராமைகளின் தொகை குறைந்தபின் சிறு வேட்டையும் பெருங்கேடாகும். 1872இல் கிரே பெயரிட்ட லீத் மென்னோட்டாமை, தீபகற்ப இந்திய ஆறுகளுக்கே உரியது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ளது.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியாவும் நோர்வேயும் 1976ஆம் ஆண்டிலேயே இணைந்தன. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அதன் மாநாடு லீத் மென்னோட்டாமையை முதற் பிற்சேர்க்கைக்கு உயர்த்தியது. இவை வேண்டியவையே. ஆயினும், ஆமை பிடிப்போன் சட்டத்தின் முன் குற்றவாளியாக மட்டுமே தோன்றும்போது, அவன் அறிவைக் கேட்டுப் பதிவோர் இலர். எந்தக் குழியில் எப்பருவத்தில் எவ்வகை கிடைக்கும், மண்ணின் எவ்வடையாளம் ஆமையைக் காட்டும் என்பன நூலில் இல்லாதவை. ஓஸ்லோவில் வாழும் யாழ்ப்பாண முதியோரிடமிருந்தும் இத்தகைய சொற்களைத் திரட்டலாம். அப்பணி இம்மாநாட்டு எல்லைக்குள் அடங்குவதே.

இதற்கு முன்னோடி உண்டு. கொச்சிக் காடுகளில் கிடைத்த சூரலாமையை 1912இல் ஹெண்டர்சன் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அது ஆற்றாமையன்று, காட்டாமை. அதன்பின் எழுபதாண்டுகள் ஆய்வாளர் எவரும் அதனைக் காணவில்லை. 1982இல் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த ஜெ. விஜயா அதனை மீண்டும் கண்டறிந்தார். அவர்க்கு வழிகாட்டியோர், அவ்வாமையை உணவுக்காகத் தேடிப் பிடித்து வந்த காடர் பழங்குடியினர். 2006இல் அப்பேரினம் அவர் பெயரால் விஜயாசெலிஸ் என வழங்கலாயிற்று. வழிகாட்டிய காடரின் சொற்கள் அகராதியேற இன்னும் காத்துக் கிடக்கின்றன.