தட்டைப் பாதமும் நூறு வருட ஆபரேஷனும்



எங்கள் ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ ஆள் எடுக்கிறார்கள் என்றால் பையன்கள் விடியும் முன்பே ஓடிப் பழகுவார்கள். கூடவே ஒரு பயமும் ஓடும். "ஃப்ளாட் ஃபுட்" என்று திருப்பி அனுப்பிவிட்டால்? ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். படித்துப் பார்த்தால் இதுவும் வரவு செலவுக் கணக்குதான்.

முதலில் ஒரு விஷயம். தட்டைப் பாதத்தில் இரண்டு வகை. நிற்கும்போது உள்வளைவு மறைந்து, நுனிக்காலில் எழும்பினால் திரும்ப வருவது ஒரு வகை. எப்படி நின்றாலும் வராத விறைப்பான பாதம் இன்னொன்று. வளைவு ஏன் திரும்ப வருகிறது என்பதை 1954ல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை உறுதியான ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. விரல்கள் மேலே மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவது போல அது விரல் எலும்பின் அடியில் சுற்றி இறுகுகிறது. குதிகால் முன்னே இழுபட்டு வளைவு எழும்புகிறது.

இனி ஆபரேஷன் கதைக்கு வருவோம். 1893ல் கிளைக் என்ற மருத்துவர் குதிகால் எலும்பை அறுத்து நகர்த்திப் பார்த்தார். 1923ல் அமெரிக்காவின் ரையர்சன், பாதத்தின் மூன்று மூட்டுகளை ஒன்றாக ஒட்டவைக்கும் முறையைச் சொன்னார். வடிவம் சரியானது. ஆனால் அசைய வேண்டிய மூட்டு அசையாமல் போனால் அந்தச் சுமை பக்கத்து மூட்டுகளில் ஏறி, வருடங்கள் போகப் போக அவை தேயும். வரவை விட செலவு அதிகம்!

1971ல் கூட்சோயானிஸ், குதிகால் எலும்பை அறுத்து உள்பக்கமாக நகர்த்தும் முறையை மறுபடி எடுத்தார். இதன் கணக்கு எளிது. தட்டைப் பாதத்தில் குதிகால் வெளிப்பக்கம் சாய்வதால் கெண்டைக்கால் தசையின் இழுப்பு அந்தச் சாய்வையே கூட்டுகிறது. எலும்பை நகர்த்தினால் இழுப்பின் கோடும் உள்ளே வருகிறது. கெடுத்த தசையே காப்பாற்றுகிறது.

1975ல் வேல்ஸ் நாட்டு எவான்ஸ் இன்னொரு வழி சொன்னார். இவர் ஏற்கெனவே உள்பக்கம் வளைந்த பிறவிக் கோணல் பாதத்துக்கு, பாதத்தின் வெளி ஓரத்தைக் குட்டையாக்கியவர். அதையே தலைகீழாக்கினார். குதிகால் எலும்பின் முன்பகுதியை அறுத்து, இடையில் ஒரு எலும்புத் துண்டை வைத்து வெளி ஓரத்தை நீளமாக்கினார். முன்பாதம் உள்ளே திரும்பி வளைவு எழும்பியது. மூட்டுகளை ஒட்டவைக்கவில்லை. 1995ல் அமெரிக்காவின் மாஸ்கா இதை மேலும் திருத்தினார்.

ஆனால் இது யாருக்குத் தேவை? கனடாவின் ஹாரிஸும் பீத்தும் 3,600க்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களின் பாதங்களைப் பரிசோதித்து 1947ல் எழுதினார்கள். வளைவு தாழ்ந்திருப்பது மட்டுமே பெரிய தொல்லை இல்லை. குதிகால் தசைநார் குட்டையாகவும் இருந்தால்தான் வலியும் முடக்கமும் வரும் என்பது அவர்கள் கண்டது.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. 1992ல் கர்நாடகத்தின் மணிப்பாலைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்தார்கள். செருப்பு, ஷூ அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு நடந்தவர்களில் 2.8 சதவீதம்தான். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. அதற்கு முன்பே 1989ல் அமெரிக்காவில் வெங்கர் குழுவினர், தனி ஷூவோ உள்ளே வைக்கும் அட்டையோ மூன்று வருடம் அணிந்தும் குழந்தைகளின் வளைவு கூடுதலாக எதுவும் மாறவில்லை என்று காட்டியிருந்தார்கள். வளர வளர அதுவாகவே சரியானது பலருக்கு.

ஆக, நூறு வருட வரலாறு சொல்வது இதுதான்: வடிவத்துக்காக ஆபரேஷன் இல்லை, மற்ற வழிகளில் தீராத வலிக்காகத்தான். வலியில்லாத பாதத்தை பட்டாளத்துக்காக அறுத்துக்கொள்ளப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். என்டிஏ தேர்வு அறிவிப்புகளில் வந்த விமானப்படை மருத்துவ விதி, நுனிக்காலில் நின்றால் வளைவு திரும்பி, வலியில்லாமல் நன்றாக ஓட முடிந்தால் ஏற்கலாம் என்கிறது. படைக்குப் படை விதி மாறும். அந்தந்த அறிவிப்பைப் படியுங்கள், எலும்பு டாக்டரைக் கேளுங்கள். கத்தியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.