ஆளணி நிர்வாகத்தில் கணினி: அக்கரைப்பற்று, கல்முனைக் கரை

இலங்கையின் அரச அலுவலகங்களில் ஆளணி விடயங்களைக் கவனிப்பது தாபனக் கிளை. ஓர் உத்தியோகத்தரின் நியமனக் கடிதம் முதல் நிரந்தரமாக்கல், வருடாந்தச் சம்பள ஏற்றம், இடமாற்றம், ஓய்வூதியம் வரை எல்லாம் அவரது சுயவிவரக் கோவையில் சேரும். லீவு ஒன்றே போதும், வேலையின் அளவைக் காட்ட: ஆளுக்கு ஆண்டில் 21 நாள் அமைய லீவு, 24 நாள் ஓய்வு லீவு, அரை நாள் எடுத்தாலும் பதிவேட்டில் கழித்து மீதி எழுதவேண்டும். நூறு பேர் பணிபுரியும் அலுவலகத்தில் இதற்கே ஒருவர் தனியாக வேண்டும். இந்த எழுத்து வேலையின் நேரத்தையும் செலவையும் குறைப்பதற்கே கணினி வந்தது.

அலுவலக வேலைக்குக் கணினி வந்ததன் தொடக்கம் ஒரு தேநீர்க் கம்பனியில். இலண்டனின் லயன்ஸ் நிறுவனம் தன் தேவைக்குத் தானே கட்டிய லியோ என்ற கணினி 1951இல் அலுவலக வேலைக்கு வந்தது. 1954இல் ஊழியர் சம்பளத்தைக் கணக்கிட்டது. அனுபவமுள்ள எழுதுவினைஞர் ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்த ஓர் ஆளின் சம்பளக் கணக்கை அது 1.5 விநாடியில் முடித்தது. இலங்கையில் அரச பொறியியல் கூட்டுத்தாபனம் 1967இல் கணினியைக் கொண்டுவந்தது. 1984இல் அமைந்த கணினி, தகவல் தொழில்நுட்பப் பேரவையைப் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க நீண்டகாலம் வழிநடத்தினார். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்துக்கான சட்டம் 2003இல் நிறைவேறியது.

அக்கரைப்பற்றும் கல்முனையும் அடங்கிய அம்பாறைக் கரையில் இந்த வரலாற்றைத் தூரத்தைக் கொண்டே அளக்கவேண்டும். அக்கரைப்பற்றில் பிரதேச செயலகத்தில் இருப்பவர் மத்திய அரசின் ஊழியர். அதே ஊரின் மாகாணப் பாடசாலையில் படிப்பிப்பவர் கிழக்கு மாகாண சபைக்கு உரியவர். முன்னவரின் கடிதம் அம்பாறைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகக் கொழும்புக்குப் போகும். பின்னவரின் கடிதம் வலயக் கல்வி அலுவலகம் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளியுள்ள திருகோணமலைக்குப் போகும். கோவையில் ஒரு கடிதம் குறைந்தால் ஆசிரியர் ஒருநாள் லீவு போட்டு பஸ் ஏறவேண்டும். கணினியால் மிச்சமாகும் பணத்தை அலுவலகக் கணக்கில் மட்டும் தேடுவது தவறு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அந்த பஸ் காசும் அந்த ஒருநாள் லீவும் கணக்கில் சேரவேண்டும்.

சம்பளத்தில்தான் பயன் முதலில் தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் சம்பளத் திருத்தம் 2020 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்கிய திருத்தமும் அவ்வாறே 2027 வரை பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரையும் புதிய சம்பளப் படிநிலையில் வைத்துக் கணக்கிடவேண்டும். கையால் செய்தால் ஒருவருக்கு நேர்ந்த பிழை மாதக்கணக்கில் நிலுவையாக வளரும். அட்டவணையை ஒருதடவை சரியாக ஏற்றிவிட்டால் கணினி எல்லோருக்கும் ஒரே விதியைப் பொருத்தும்; அட்டவணை பிழைத்தால் பிழையும் எல்லோருக்கும் போகும் என்பதையும் சொல்லவேண்டும்.

அரிசி ஆலைகளும் மருதமுனை நெசவும் கடைத்தெருக்களும் நிறைந்த இக்கரையின் தனியார் துறைக்கு ஊழியர் சேமலாப நிதியே ஆளணிக் கணக்கின் நடு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், முதலாளி குறைந்தது 12 வீதம் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்போர் சேமலாப நிதிக்கான மாதாந்த விவரத்தை மின்வழியில் கொடுக்கவேண்டும்.

தமிழ்ப் பெயர்களைக் கணினியில் வைப்பது தனி வரலாறு. யூனிகோடு பரவுமுன் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவே ஆண்டது. அது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் குறியீடு. வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பெயர் குலையும். அகரவரிசையில் அடுக்கவும் முடியாது. அதற்குமேல் ஒரே பெயர் முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஒரே அலுவலகத்தில் ஒரே முதலெழுத்துகளோடு இருவர் இருப்பதும் இங்கு வழக்கம். ஆகவே ஆளை அடையாளப்படுத்தத் தேசிய அடையாள அட்டை இலக்கமே நம்பகமானது. அதுவும் 2016இல் மாறியது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது பன்னிரண்டு இலக்கமானது. பழைய அட்டையைப் புதுப்பித்தவர் இரு இலக்கங்களுக்கு உரியவராகிறார். இரண்டும் ஒருவரே என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், பதிவில் ஒருவர் இருவராகிவிடுவார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கடலோரத்தில் ஒரே இடத்தில் ஒரே பிரதியாகக் காகிதத்தை வைத்திருப்பதன் ஆபத்தை அதன்பின் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வரவுப் பதிவுக்குக் கைவிரல் அடையாள இயந்திரம் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளால் வந்தது. கொரோனாக் காலத்தில் தொற்றுக்கு அஞ்சித் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இயந்திரத்தில் விரலும் வைத்து, வரவுப் புத்தகத்தில் கையொப்பமும் இட்டு, மாத முடிவில் இரண்டையும் ஒருவர் ஒப்பிட்டால் வேலை கூடுகிறது. எந்த முறையிலும் மிச்சம் பிடிப்பது, ஒரு தகவலை ஒருதடவை மட்டும் எழுதுவதில்தான். இதை அறிந்து செய்யக்கூடியவர்களை வெளியூரில் தேடவேண்டியதில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வர்த்தக பீடம் முகாமைத்துவத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் இணைத்த பட்டமும் தருகிறது. விரல்ரேகை போன்ற தரவுகளைக் கையாள்வதற்கு 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

இணையவழியில் ஓய்வூதிய விண்ணப்பம் பதியப்படும் இன்றும், முப்பது ஆண்டு சேவை முடித்தவரின் முதல் நியமனக் கடிதம் பெரும்பாலும் கணினியில் இல்லை. தாபனக் கிளையின் உத்தியோகத்தர் அலுமாரியைத் திறந்து, மஞ்சளாகிப்போன அந்தக் கோவையையே எடுக்கிறார்.