டாக்டர் கையெழுத்து

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற நம்மாட்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "காய்ச்சல்னு போனா டாக்டர் வரவே இல்லையாம். ஒரு நர்ஸ்தான் பாத்து மருந்து எழுதிக் குடுத்தாங்களாம்!"

அந்த அம்மா நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும். டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய படிப்பு. சட்டம் பின்னால்தான் வந்தது. அங்கே மருத்துவ உரிமம் மாநிலத்தின் கையில், ஆளுக்கொரு விதி. நர்ஸ் நோயைக் கண்டுபிடிக்கலாம், சிகிச்சை தரலாம் என்று 1971-ல் முதலில் ஒப்புக்கொண்டது ஐடஹோ.

எனக்குச் சுவாரஸ்யமானது மிசௌரி கதை. அங்கே 1975-லேயே, நர்ஸுக்கு டாக்டரின் நேரடி மேற்பார்வை வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நம்பி இரண்டு நர்ஸுகள், ஐந்து டாக்டர்கள் எழுதிக்கொடுத்த நெறிமுறைப்படி குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளில் வேலை பார்த்தார்கள். 'இது மருத்துவத் தொழில், உரிமம் எங்கே?' என்று மிரட்டியது மருத்துவ வாரியம். ஏழு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. 1983-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வெற்றி.

சந்தோஷம் பத்து வருஷம்தான். 1993-ல் எழுத்துப்பூர்வ கூட்டு ஒப்பந்தம் சட்டமாக வந்தது. இருவருக்கும் நடுவே இத்தனை மைல்தான் இருக்கலாம் என்று தூரக்கணக்கு வேறு. 14 நாளுக்கொருமுறை குறைந்தது 10 சதவீத நோயாளிக் குறிப்புகளை டாக்டர் பார்க்க வேண்டும் என்றும் பின்னால் சேர்ந்தது. எங்கள் கன்கரண்ட் ஆடிட் மாதிரியே! வங்கியில் ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் வவுச்சரைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் பண்ணுவார். இங்கே டாக்டர் பார்ப்பது காகிதத்தை, அதுவும் பத்தில் ஒன்றை.

'எங்கள் படிப்பு நீளம், பயிற்சி அதிகம்' என்று டாக்டர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் சங்கடம் வேறிடத்தில். இப்படி ஒப்பந்தம் கேட்கும் மாநிலங்களில் கையெழுத்துக்கு மாதாமாதம் பணம் வாங்குகிற டாக்டர்களும் உண்டு. அவர் ஊரை மாற்றினால் ஒப்பந்தம் போச்சு. இன்னொரு டாக்டர் அகப்படும்வரை அந்த நர்ஸை நம்பியிருக்கிற கிராமத்துச் சர்க்கரை நோயாளி என்ன செய்வார்?

நியூயார்க் 2022-ல், 3,600 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒப்பந்தமே வேண்டாம் என்றது. கிட்டத்தட்ட இரண்டு வருஷ முழுநேர வேலை. நம்ம புரொபேஷனும் அவ்வளவுதானே :)