இரண்டாம் மொழி ஆசிரியரின் கல்வி: மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் ஆங்கில ஆசிரியர்க்கான பட்டமேற்படிப்பின் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியைக் கற்பிக்க அம்மொழியை நன்கு அறிந்திருந்தால் போதுமா என்னும் வினா மொழிக்கல்வி வரலாற்றில் பழமையானது. மலாயாவில் ஆங்கிலக் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் தோற்றத்துடன் வேரூன்றத் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இவ்வினாவிற்குப் 'போதும்' என்பதே நடைமுறை விடையாக இருந்தது. ஆங்கில இலக்கியமும் மரபிலக்கணமும் பயின்ற பட்டதாரி ஒருவர் ஆங்கில ஆசிரியராகத் தகுதியுடையவர் என்றே கருதப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்விடை மாறியது. ஆங்கிலத்தை 'இரண்டாம் மொழியாக'க் கற்பிப்பதற்கெனத் தனிப் பட்டமேற்படிப்புகள் தோன்றின. இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது, அப்படிப்புகளின் உள்ளடக்கம் எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியில் விடுபட்டுப்போனது யாது என்பனவற்றை நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம். இவ்வரலாறு தமிழாசிரியர் கல்விக்கு உணர்த்துவது யாது என்பதையும் இறுதியில் நோக்குவோம்.

பயிற்றுமொழியும் பாடமொழியும்

'இரண்டாம் மொழி' என்பது ஒரு மொழியின் இயல்பைக் குறிக்கும் பெயரன்று. பள்ளியில் அம்மொழிக்கு அளிக்கப்பெறும் இடத்தைக் குறிக்கும் பெயராகும். இதனை நம் நாட்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆகியன தேசியக் கல்வி முறைக்கு அடித்தளமிட்டன. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின், 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பு மலாய்மொழிக்கு மாறத் தொடங்கியது. இம்மாற்றம் ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறி, 1983இல் பல்கலைக்கழகங்களின் முதலாண்டை எட்டியது.

இதன் விளைவை ஆசிரியர் நிலையில் நின்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்த காலத்தில் மாணவர் வரலாறு, புவியியல், கணிதம் ஆகிய அனைத்தையும் அம்மொழியிலேயே கற்றனர். ஆங்கில ஆசிரியரின் குறைகளைப் பிற பாட ஆசிரியர்கள் அறியாமலேயே ஈடுசெய்தனர். ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகளுக்குரிய ஒரு பாடமாகச் சுருங்கியபின் அத்துணை நீங்கிற்று. அச்சில பாடவேளைகளில் எதனை, எவ்வரிசையில், எவ்வாறு கற்பிப்பது என்னும் தெரிவு முழுமையாக ஆசிரியர்மீது விழுந்தது. இலக்கியப் பட்டம் இவ்வினாக்களுக்கு விடை தருவதற்கென அமைந்ததன்று. சிறப்புப் பட்டமேற்படிப்பின் தேவை இவ்விடத்திலேயே பிறந்தது எனலாம்.

சிங்கப்பூரில் இப்பெயர்களே இடம் மாறின. 1987ஆம் ஆண்டு முதல் அங்குப் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தை முதல்மொழி நிலையில் கற்பிக்கலாயின. தாய்மொழிகள் இரண்டாம் மொழி நிலையைப் பெற்றன. ஜொகூர் நீரிணையின் ஒரு கரையில் இரண்டாம் மொழியாக விளங்கும் ஆங்கிலம் மறுகரையில் முதல்மொழியாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பயன்பாட்டு மொழியியலின் தோற்றம்

புதிய படிப்பிற்குரிய அறிவுத்துறை வெளியில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1941இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரீஸ் தலைமையில் ஆங்கில மொழிக் கழகம் தொடங்கப்பெற்றது. 1957இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியல் பள்ளி நிறுவப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் இயன் கேட்ஃபோர்டு ஆவார். ஒலியியல், இலக்கண விளக்கம், பாடத்திட்ட அமைப்பு, தேர்வுமுறை ஆகியவற்றை ஒருங்கே கொண்ட பட்டமேற்படிப்பிற்கு எடின்பரோ ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

இந்தியாவில் 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகம் தோன்றியது. அதே காலக்கட்டத்தில் சென்னை மாநிலத்தில் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்க முற்பட்ட அத்திட்டத்தை, டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரை 'சென்னைப் பனிப்பந்து' என்று குறிப்பிட்டது. பயிற்சி பெற்றோர் பிறருக்குப் பயிற்சியளிக்க, உருளும் பனிப்பந்து போல் அது பெருகும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணிக்கையைப் பெருக்க இம்முறை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயின் கைக்குக் கை மாறும்போது செய்முறை மட்டுமே செல்கிறது. அச்செய்முறைக்குரிய காரணம் பின்தங்கிவிடுகிறது. காரணத்தை ஆசிரியரே ஆராய்ந்து அறிவதற்குக் காலமும் நூலகமும் வழிகாட்டுநரும் தேவை. பனிப்பந்து தர இயலாத இவற்றையே பட்டமேற்படிப்பு தர முற்பட்டது.

வட்டார மையமும் பல்கலைக்கழகங்களும்

மலாயாவைப் பொறுத்தவரை, 1950களில் இங்கிலாந்தின் கெர்க்பி, பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் ஆகிய இடங்களில் இயங்கிய ஆசிரியர் கல்லூரிகள் இந்நாட்டு ஆசிரியர் தலைமுறை ஒன்றை உருவாக்கின. அவை பட்டமேற்படிப்பு நிறுவனங்கள் அல்ல. 1951இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டம் போன்ற உதவித்திட்டங்கள் மேற்படிப்பிற்காகக் கடல் கடந்து செல்லும் வாய்ப்பினை அளித்தன.

உள்நாட்டு வாய்ப்புகள் 1960களில் பெருகின. 1963இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்விப்புலம் அமைந்தது. பட்டதாரிகள் ஆசிரியப் பணிக்குரிய பட்டயக் கல்வியைப் பல்கலைக்கழகத்திலேயே பெறும் வழி இதனால் விரிந்தது. 1972இல் அப்பல்கலைக்கழகத்தில் மொழி மையம் நிறுவப்பெற்றது. மலாய்வழி பயின்று வந்த மாணவர் ஆங்கில நூல்களைப் படித்தறிய வேண்டிய நிலையில், 1970களில் அங்கு மேற்கொள்ளப்பட்ட சிறப்பு நோக்க ஆங்கிலத் திட்டம் குறிப்பிடத்தக்க பாடநூல்களை ஆக்கியது. மேலைநாட்டிலிருந்து பாடநூலை வரவழைக்கும் நிலையிலிருந்து, உள்நாட்டு மாணவரின் தேவையை ஆராய்ந்து பாடநூல் எழுதும் நிலைக்கு ஆசிரியர் உயர்ந்தமைக்கு இது சான்றாகும்.

வட்டார நிலையில் தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பு 1965இல் உருவானது. அதன் மையங்களுள் ஒன்றாக 1968இல் சிங்கப்பூரில் வட்டார ஆங்கில மொழி மையம் நிறுவப்பெற்றது. 1970இல் அது தன் ஆய்விதழை வெளியிடத் தொடங்கியது; 1977இல் வட்டார மொழி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆங்கிலம் அயல்மொழியாக உள்ள தாய்லாந்து, லாவோஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஆசிரியர்களும், அது இரண்டாம் மொழியாக உள்ள மலேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் ஆசிரியர்களும் அம்மையத்தில் ஒருசேரப் பயின்றனர். ஒரே கற்பித்தல் முறை எல்லா நாட்டிற்கும் பொருந்தாது என்பதை அவ்வகுப்பறையின் அமைப்பே உணர்த்தியிருக்கும்.

பாடநெறியின் உள்ளடக்கம் மாறிய முறை

இப்படிப்புகளின் உள்ளடக்க வளர்ச்சியை நாம் மூன்று கட்டங்களாகப் பகுத்துக் காணலாம்.

முதற்கட்டத்தில் மொழியே மையமாக இருந்தது. ஒலியன், உருபன், தொடரமைப்பு ஆகியவற்றை ஆசிரியர் பகுத்தறியக் கற்றார். மொழி என்பது பழக்கம். பழக்கம் திரும்பத் திரும்பச் செய்வதால் அமையும் என்பது அக்காலக் கொள்கை. தொடரமைப்புப் பயிற்சிகள் வகுப்பறையை நிரப்பின.

இரண்டாம் கட்டத்தில் கற்பவர் மையமானார். பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை, மாணவரின் பிழைகள் களையப்பட வேண்டிய குறைகள் மட்டுமல்ல, அவர்தம் கற்றலின் போக்கைக் காட்டும் சான்றுகள் என நிறுவியது. லாரி செலிங்கர் 1972இல் 'இடைமொழி' என்னும் கருத்தை முன்வைத்தார். தொடர்ந்து கருத்துப்பரிமாற்றக் கொள்கை எழுந்தது. டேவிட் வில்கின்ஸ், ஹென்றி விடோசன் முதலியோர் நூல்கள் பட்டமேற்படிப்பின் பாடநூல்களாயின. இக்கொள்கையைத் தேசிய அளவில் செயற்படுத்த முன்வந்த தொடக்ககால நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நான்காம், ஐந்தாம் படிவங்களுக்கென 1975இல் வெளிவந்த ஆங்கிலப் பாடத்திட்டம், இலக்கணக் கூறுகளை விடுத்து, மாணவர் மொழியால் ஆற்றவேண்டிய செயல்களை அடிப்படையாகக் கொண்டது. இலக்கணப் படிநிலையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இது புதிய நிலமாகவே இருந்திருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் ஆசிரியரே மையமானார். இதில் தென்னிந்தியாவிற்கும் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் பணிவழிக் கற்பித்தலை ஆராய்ந்தார். மாணவரின் கவனம் பொருள்மீது நிற்கும்போது மொழி தானே அமையும் என்பது அதன் அடிப்படை. பின்னர்ச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1990இல், சிறந்த கற்பித்தல் முறை என ஒன்று இல்லை என வாதிட்டுக் கட்டுரை வரைந்தார். ஆசிரியர் தம் வகுப்பறை குறித்துக் கொண்டுள்ள ஏற்புணர்வு உயிர்ப்புடன் இருப்பதே இன்றியமையாதது என்பது அவர் கருத்து. பாலா குமாரவடிவேலு 1994இல் 'முறைகடந்த நிலை' பற்றி எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுரேஷ் கனகராஜா, ஆங்கிலத்தைத் தமக்கேற்ப வளைத்துக் கொள்ளும் யாழ்ப்பாண மாணவரின் இயல்பை 1999ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். மேலைநாட்டில் பிறந்த துறை ஒன்றனுக்கு நம் வட்டார வகுப்பறைகள் கருத்துகளை வழங்கிய காலம் இது.

மாணவரின் தாய்மொழி

இவ்வளர்ச்சியினூடே ஓர் இழப்பும் நேர்ந்தது. ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூல், கற்பவரின் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிடுதல் ஆசிரியரின் கடமை என வலியுறுத்தியது. எல்லாப் பிழைகளுக்கும் தாய்மொழி காரணமன்று என்பது பின்னர் உறுதிப்பட்டதால் அவ்வொப்பீட்டு முறை செல்வாக்கிழந்தது. அம்முறை கைவிடப்பட்டதோடு, மாணவரின் தாய்மொழியை ஆசிரியர் அறிதல் வேண்டும் என்னும் எண்ணமும் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இதன் விளைவைச் சில சான்றுகளால் காண்போம். மலாய்மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்பத் திரிவதில்லை. காலத்தைத் தனிச்சொல் உணர்த்தும். எனவே மலாய்மொழி பேசும் மாணவர் ஆங்கில இறந்தகால வடிவத்தை விட்டுவிடுதல் இயல்பு. தமிழ்வினையோ காலத்தோடு திணை, பால், எண், இடம் ஆகியவற்றையும் காட்டுவது. தமிழ் மாணவருக்கு வினை காலம் காட்டும் என்னும் கருத்து புதிதன்று. அவருடைய இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' எனத் தமிழ் நான்காம் வேற்றுமையில் அமைப்பதை, ஆங்கிலம் எழுவாயாக அமைக்கிறது. தமிழ் எழுத்தில் வல்லினத்திற்கு ஒலிப்பு வேறுபாடு காட்டும் தனி வடிவம் இல்லை; ஆதலின் பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நாம் பருகும் பாலும் எழுத்தில் ஒன்றாகின்றன. சொல்முதலில் மெய்ம்மயக்கம் வாராத தமிழ் மரபினால் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. 'மலேசிய மாணவர்' என்னும் ஒரே பெயரால் இவ்விருவரையும் கருதும் ஆசிரியர், ஒருவருக்குத் தேவையற்றதைக் கற்பித்து மற்றவருக்குத் தேவையானதை விட்டுவிடுவார்.

மேலும், தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியன்று. தமிழும் மலாயும் கற்றபின் வரும் மூன்றாம் மொழியாகும். தேசிய வகைப் பள்ளிகளில் ஆங்கிலம் மூன்றாம் ஆண்டிலிருந்தே கற்பிக்கப்பட்டு வந்தது. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தொடங்கிய 2003ஆம் ஆண்டிலேயே அது முதலாம் ஆண்டிற்கு வந்தது. அக்கொள்கை 2012இல் கைவிடப்பட்டது. 2015 முதல் 2025 வரைக்குமான ஆங்கில மொழிக்கல்விச் சீர்திருத்த வழித்திட்டம், ஐரோப்பியப் பொது அளவுகோலின்படி ஆங்கில ஆசிரியரின் மொழித்திறன் உயர்நிலையை எட்ட வேண்டும் என வரையறுத்தது. ஆசிரியரின் ஆங்கிலத்தை அளக்கக் கருவி உண்டு. மாணவரின் தமிழையும் மலாயையும் அவ்வாசிரியர் எவ்வளவு அறிவார் என்பதை அளக்க அவ்வளவுகோலில் இடமில்லை.

தமிழாசிரியர் கல்விக்குரிய பாடம்

இவ்வினா இன்று தமிழாசிரியரையும் நோக்கி நிற்கிறது. சிங்கப்பூர்க் குடிமதிப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர் 2000இல் 42.9 விழுக்காட்டினர், 2010இல் 36.7 விழுக்காட்டினர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தும் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர் பெருகுகின்றனர். தமிழிலக்கியப் பட்டம் மட்டுமே பெற்ற ஆசிரியர், ஒரு தலைமுறைக்கு முன் ஆங்கில இலக்கியப் பட்டதாரி நின்ற அதே இடத்தில் இன்று நிற்கிறார். ஆயினும் ஆங்கிலத்திற்கென அமைந்த விடைகளை அப்படியே கடன் வாங்குதல் பயன் தராது. பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் எனத் தமிழுக்குள்ள இரட்டை வழக்கிற்கு ஆங்கிலக் கற்பித்தல் நூல்களில் விடை இல்லை. 2005இல் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது, நம் மொழியின் இயல்பிலிருந்தே எழுந்த விடையாகும்.

முடிவுரை

ஆங்கில ஆசிரியர்க்கான பட்டமேற்படிப்பு மொழியிலிருந்து கற்பவருக்கும், கற்பவரிடமிருந்து ஆசிரியருக்கும் தன் மையத்தை நகர்த்தி வந்துள்ளது. இனி அது மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழிக்கும் உரிய இடத்தை அளித்தல் வேண்டும். நம் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பயில்வோர்க்கு மலாய், தமிழ், சீனம் ஆகியவற்றின் அமைப்பினை விளக்கும் ஒரு பாடநெறி கட்டாயமாக்கப்படலாம். அப்பாடநெறியின் தமிழ்ப்பகுதியை வகுக்கும் பொறுப்பு இந்திய ஆய்வியல் துறைகளைச் சாரும். அதுபோன்றே தமிழாசிரியர் மேற்படிப்பிலும் இரண்டாம் மொழிக் கற்றல் ஒரு தனித்தாளாக அமைய வேண்டும். மொழித்துறைகளும் கல்விப்புலங்களும் ஒன்றன் வகுப்பறைக்குள் மற்றொன்று நுழைந்தாலன்றி இவ்விரண்டும் கைகூடா என்பது நம் துணிபு.